125 கிராம் பாண்

125 கிராம் பாண் எவ்வளவு இருக்கும் என்று ஒரு நாள் நிறுத்துப் பார்த்தேன். கேக்குக்கு மா நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று எங்கள் குசினியில் இருக்கிறது. கடைப் பாணில் ஒரு துண்டை வைத்தேன், 44 காட்டியது. இரண்டாவதை வைத்தேன். மூன்றாவதை வைத்ததும் 130ஐத் தாண்டிவிட்டது. ஓரத்தைக் கொஞ்சம் பிய்த்தெடுத்து 125க்குக் கொண்டுவந்துவிட்டு, தட்டைப் பார்த்தபடி நின்றேன். மூன்று துண்டுக்கும் குறைவு. என் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நின்ற நிலையிலேயே தின்று முடிக்கிற அளவு.

1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, ஜேர்மன் படை முற்றுகையிட்டிருந்த ரஷ்ய நகரமான லெனின்கிராட்டில் ஒரு குழந்தைக்கோ, வேலைக்குப் போகாத ஒரு கிழவிக்கோ முழு நாளைக்கும் கிடைத்த பாண் இவ்வளவுதான். அதுவும் என் தராசில் இருந்த மாதிரிப் பாண் இல்லை. மா போதாமல் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கையும் மரக்கூழையும் கலந்து சுட்டது. ஈரம் கூடிய, பாரமான பாண். 125 கிராம் என்பது அங்கே இன்னும் சிறிய துண்டு.

என்னைத் தராசை எடுக்க வைத்தது ஒரு நாவல். ஆங்கில எழுத்தாளர் ஹெலன் டன்மோர் 2001இல் எழுதிய 'த சீஜ்', அதாவது முற்றுகை. லண்டனில் எங்கள் பகுதி நூலகம் கழித்து விற்கிற புத்தகங்களுக்குள் 50 பென்சுக்கு எடுத்தேன். அன்றுவரை டன்மோரின் பெயரே எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்குள் அவர் பெரியவர்களுக்காக எழுதிய 15 நாவல்களையும் படித்து முடித்தேன். கவிதைகளை இன்னும் முடிக்கவில்லை. ஒருமுறை படித்து அடுக்கில் வைத்துவிடக்கூடிய கவிதைகள் இல்லை அவை.

'த சீஜ்' நாவலின் அன்னாவுக்கு 23 வயது. பாலர் பாடசாலையில் வேலை செய்கிறாள். தாய் இறந்துவிட்டதால் ஐந்து வயதுத் தம்பி கோல்யாவை அவள்தான் வளர்க்கிறாள். தகப்பன் எழுத்தாளர். ஆனால் அவர் எழுதுவது ஸ்டாலினின் ஆட்சிக்கு ஒத்துவராததால் அச்சேறுவதில்லை. 1941 கோடைகாலத்தில், நகரத்துக்கு வெளியே அவர்களுடைய சின்ன வீட்டில், காய்கறித் தோட்டத்தோடு கதை தொடங்குகிறது. செப்டம்பர் 8ஆம் திகதி ஜேர்மன் படை நகரத்துக்கான தரைவழிகளை எல்லாம் அடைத்துவிடுகிறது. அதே நாளில் பதாயெவ் உணவுக் களஞ்சியங்கள் குண்டுவீச்சில் எரிந்தன. அங்கே இருந்த சீனி உருகி மண்ணுக்குள் இறங்கியது. பிறகு சனங்கள் அந்த மண்ணைத் தோண்டி விற்றார்கள். வாங்கியவர்கள் தண்ணீரில் கரைத்து, தெளியவைத்துக் குடித்தார்கள். முற்றுகை 872 நாட்கள் நீடித்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது அந்த முதல் மாரியின் பசி.

இந்தக் கணக்கை எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் எடுக்கலாம். டன்மோர் காட்டுவது வேறு. பாணுக்கு வரிசையில் நின்றுவிட்டு அதைச் சட்டைக்குள் மறைத்து, பறித்துக்கொண்டு ஓடுகிறவனுக்குத் தெரியாமல், பனிக்குள் வீடுவரை நடந்து வருவது எப்படி? வீட்டில் எந்தத் தளபாடத்தை முதலில் உடைத்து எரிப்பது? எந்தப் புத்தகத்தைக் கடைசியாக எரிப்பது? தோலை வேகவைத்தால் சூப் வருமா? இறந்தவர்களைக் கொண்டுபோய்ப் புதைக்க உடம்பில் பலம் இல்லை. ஆகவே அவர்கள் கிடக்கிற குளிர் அறையின் கதவைச் சாத்திவிட்டு, மிச்சப்பேர் அடுப்பு எரிகிற மற்ற அறையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாத்திய கதவுதான் எனக்கு அந்த நாவல். அதைப் பற்றி டன்மோர் அதிகம் சொல்லவும் இல்லை. பிறகு வருகிற பக்கங்களில் அன்னா அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் நாங்கள்தான் நின்று விடுகிறோம்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளை. 1990 ஜூனில் மின்சாரம் போனது. பெற்றோலுக்கும் பற்றரிக்கும் சீமெந்துக்கும் தடை வந்தது. மண்ணெண்ணெய் பொன் மாதிரி ஆனது. எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் ஒரு ஜாம் போத்தல். அடியில் பஞ்சு, அதன்மேல் சொட்டுச் சொட்டாக விட்ட மண்ணெண்ணெய், கம்பியில் தொங்கவிட்ட நூல்திரி. போத்தலுக்குள் எரிவதால் காற்றுக்கு அணையாது. அந்தச் சுடருக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் புத்தகத்தை வைத்துக்கொண்டு தலையை முட்டுவோம். திரியைக் கொஞ்சம் தூக்கினால் நன்றாகப் படிக்கலாம். "உயர்த்தாதை பிள்ளை, இது காணும்" என்று அம்மாவின் குரல் இருட்டுக்குள் இருந்து வரும்.

லெனின்கிராட்டையும் யாழ்ப்பாணத்தையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. எங்களுக்கு மரவள்ளி இருந்தது, முருங்கை இருந்தது, ஒடியல் இருந்தது. வெறும் பசியால் தெருவில் விழுந்து செத்த சனத்தை நான் காணவில்லை. ஆனால் அன்னா ஒரு பொருளைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. இது எத்தனை நாளைக்கு வரும், இதை எத்தனை பேருக்குப் பிரிக்கலாம், பிள்ளைக்குத் தெரியாமல் என் பங்கில் எவ்வளவைக் குறைக்கலாம் என்று பார்க்கிற பார்வை. அதை நான் என் வீட்டுக் குசினியில் கண்டிருக்கிறேன். அதற்கு முன் எந்த மொழியிலும் அதை வாசித்ததில்லை. இங்கிலாந்தில் பிறந்து, சண்டையில் ஒரு நாள்கூட வாழாத ஒரு பெண்ணுக்கு இது எப்படித் தெரிந்தது? அவருடைய மற்றப் புத்தகங்களைத் தேடிப் போனதற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

டன்மோர் 1952 டிசம்பர் 12ஆம் திகதி யோர்க்ஷயரில் பெவர்லி என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் நான்கு பிள்ளைகள், அவர் இரண்டாவது. யோர்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். படிப்பு முடிந்ததும் பின்லாந்துக்குப் போய் இரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தார். பிறகு பிரிஸ்டலில் குடியேறி, கல்யாணம் கட்டி, பிள்ளைகளை வளர்த்து, சாகும்வரை அந்த ஊர்க்காரியாகவே இருந்தார். வெளியில் இருந்து பார்த்தால் அமைதியான வாழ்க்கைதான்.

பின்லாந்தின் அந்த இரண்டு மாரிகளை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டுகிற, மூக்கு மயிர் உறைகிற குளிரை அவர் தன் உடம்பில் வாங்கியிருக்கிறார். லெனின்கிராட் அங்கிருந்து அதிக தூரமும் இல்லை. அவருடைய புத்தகங்களில் குளிர் திரும்பத் திரும்ப வரும். 2006இல் வந்த 'ஹவுஸ் ஒஃப் ஓர்ஃபன்ஸ்' நாவல் ரஷ்ய ஆட்சிக்குக் கீழ் இருந்த பின்லாந்திலேயே நடக்கிறது. மார்கழிப் பனியைத் தவிர வேறு குளிர் அறியாமல் லண்டன் வந்து இறங்கிய எனக்கு, ஒரு வாளித் தண்ணீருக்காகக் கையுறையின் ஓட்டை வழியாக விரல் உறைகிறது என்றால் என்னவென்று விளங்க அவருடைய பக்கங்கள்தான் உதவின.

முதலில் வந்தவை கவிதைகள். நியூகாசிலில் 1978இல் தொடங்கிய பிளட்ஆக்ஸ் என்ற சிறிய பதிப்பகம் 1983இல் அவருடைய 'த ஆப்பிள் ஃபால்' தொகுதியைப் போட்டது. கடைசித் தொகுதிவரை அதே பதிப்பகம்தான். முதல் நாவல் 1993இல் வரும்போது அவருக்கு நாற்பது வயது. அதற்கு முன் பத்து வருடம், புத்தகம் புத்தகமாகக் கவிதை. என் கேள்விக்கு விடையின் ஒரு பாதி இதில் இருக்கிறது என்று நம்புகிறேன். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் கவிதை கெட்டுவிடும். பத்து வருடம் சொல்லை அப்படி நிறுத்துப் பழகிய கைதான் பிறகு பாணையும் விறகையும் நிறுத்தது. ஆரம்பகாலக் கவிதை ஒன்றில் ஒருத்தி காட்டு ஸ்ட்ராபெரிகளைப் பொறுக்கி, ஒரே வாய்க்குக் காணக்கூடிய ஒரு கைப்பிடியை வீட்டில் இருக்கிறவருக்குக் கொண்டுவருகிறாள். பெரிதாக வேறொன்றும் அதில் நடப்பதில்லை. கிடைத்ததைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவருகிற அந்தக் கையை அன்னாவின் கையாக நான் பிறகு அடையாளம் கண்டேன்.

அந்த முதல் நாவலின் பெயர் 'சென்னர் இன் டார்க்னஸ்'. கோர்ன்வால் கடற்கரையில் சென்னர் என்ற சின்னக் கிராமம். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் தன் ஜேர்மன் மனைவி ஃபிரீடாவோடு அங்கே ஒரு குடிசையை வருடத்துக்கு 5 பவுண் வாடகைக்கு எடுத்திருந்தார். கரைக்கு அப்பால் நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாழ்த்திக்கொண்டிருந்த காலம். ஜேர்மன்காரி ஜன்னல் வெளிச்சத்தால் சைகை காட்டுகிறாள் என்று ஊர் கதைத்தது. 1917 அக்டோபரில் அதிகாரிகள் வந்து வீட்டைச் சோதித்து, மூன்று நாட்களுக்குள் கோர்ன்வாலை விட்டுப் போகச் சொன்னார்கள். வரலாற்றில் லாரன்ஸ் பெரிய ஆள். டன்மோரின் கண்ணோ கிளேர் என்ற உள்ளூர்ப் பெண்ணின் மேல், போர்முனையில் இருந்து லீவில் வந்த அவளுடைய மச்சானின் மேல், ஊர்வாயின் மேல். யாருடைய பெயரைப் புத்தகங்கள் எழுதி வைக்காதோ அவர்களிடம்தான் அவர் எப்போதும் போய் நிற்பார்.

1996இல் பெண் எழுத்தாளர்களின் நாவல்களுக்கென்று ஓரஞ்ச் பரிசு தொடங்கியது. 1991இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லாமல் போனதில் இருந்து எழுந்த யோசனை அது. 30,000 பவுண் பெறுமதியான அந்த முதலாவது பரிசு டன்மோரின் 'எ ஸ்பெல் ஒஃப் வின்டர்' நாவலுக்குக் கிடைத்தது. தாய் விட்டுப்போன, தகப்பன் மனநோய் விடுதியில் இருக்கிற, அண்ணனும் தங்கையுமாக ஒரு இடிந்த பெரிய வீட்டுக்குள் அடைபட்டு வளர்கிற கதை. அந்த உறவு போகக்கூடாத எல்லைவரை போகிறது. எழுத்து அபாரம். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வீட்டுக்குள் எனக்கு மூச்சு முட்டியது. பரிசு வாங்கியது அது என்றாலும் அவருடைய உச்சம் 'த சீஜ்'தான் என்பது என் முடிவு. ரோமக் கவிஞர் கற்றுல்லஸைப் பற்றிய 'கவுன்டிங் த ஸ்டார்ஸ்' என்னை அவ்வளவாகத் தொடவில்லை. அவருக்குக் குசினி வேண்டும், குளிர் வேண்டும், பயம் வேண்டும்.

பயம் என்றால் 'த பிட்ரேயல்'. அதே அன்னா, பத்து வருடத்துக்குப் பிறகு, 1952இல். கணவன் அந்திரேய் பிள்ளைகளுக்கான டொக்டர். இரகசியப் பொலிஸ் மேலதிகாரி ஒருவரின் மகன் காலில் கட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறான். பிள்ளையைத் தொட்டு வைத்தியம் பார்த்தாலும் ஆபத்து, மறுத்தாலும் ஆபத்து. ஸ்டாலின் தன் கடைசி மாதங்களில் டொக்டர்மாரைச் சதிகாரர்கள் என்று பிடித்து அடைத்த காலம் அது. பசியை வென்ற குடும்பம் இப்போது வாசல் மணிக்குப் பயப்படுகிறது. இரவில் வீட்டுக்கு முன்னால் வாகனம் வந்து நின்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த பிள்ளைகளுக்கு இந்த நாவலை விளக்கத் தேவையில்லை.

போன வசந்தகாலத்தில் பிரிஸ்டலுக்குப் போனேன். அவருடைய கடைசி நாவலுக்குப் பெயர் தந்த பாதையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. 'பேர்ட்கேஜ் வோக்' கிளிஃப்டன் பகுதியில் ஒரு பழைய இடுகாட்டுக்குள் போகிற நடைபாதை. பக்கத்தில் இருந்த தேவாலயம் 1940 குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. வளைந்த இரும்புச் சட்டங்களின் மேல் லைம் மரக் கிளைகளைப் படரவிட்டிருக்கிறார்கள். உள்ளே நடந்தால் உண்மையிலேயே ஒரு நீண்ட பறவைக் கூண்டுக்குள் நடக்கிற மாதிரி. இரண்டு பக்கமும் செடி மூடிய கல்லறைகள். சில கற்களில் பெயர் தேய்ந்துபோய், விரலால் தடவினால்தான் ஓரிரு எழுத்து தட்டுப்படுகிறது.

நாவலும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நாயோடு நடக்கப் போகிற ஒரு மனிதர், செடிகளுக்குள் மறைந்த கல்லறை ஒன்றைக் காண்கிறார். 1793இல் இறந்த ஜூலியா ஃபோக்ஸ் என்ற எழுத்தாளரின் கல்லறை. அவருடைய சொற்களே எங்களுக்கு விட்டுப்போன சொத்து என்ற கருத்தில் கல்லில் பொறித்திருக்கிறது. தேடிப் பார்த்தால் ஜூலியா எழுதிய ஒரு வரிகூட உலகத்தில் மிஞ்சவில்லை. கதை அங்கிருந்து பிரெஞ்சுப் புரட்சிக் காலப் பிரிஸ்டலுக்குப் போகிறது. ஜூலியாவின் மகள் லிசியின் கணவன் மலைவிளிம்பில் மாடிவீட்டு வரிசை கட்டுகிறவன். போர் வரப்போகிறது என்றதும் வீடு வாங்க ஆளில்லாமல் எல்லாம் சரிகிறது. இது சும்மா கற்பனை இல்லை. கிளிஃப்டனில் ரோயல் யோர்க் கிரெசன்ட் என்ற நீண்ட வீட்டு வரிசை 1791இல் தொடங்கி, 1793இல் பணமுடையில் நின்று, 1820 அளவில்தான் முடிந்தது. நான் அதன் முன்னாலும் நடந்தேன். கூரையில்லாத அரைகுறைச் சுவர்களாக அது நின்ற வருடங்களை நாவலைப் படித்தவர்கள் அந்த அழகான வெள்ளை வீடுகளுக்குப் பின்னால் காண்பார்கள்.

ஜூலியா கற்பனைப் பாத்திரம் என்று தெரியும். இருந்தும் இடுகாட்டில் அவருடைய கல்லைத் தேடினேன்.

அந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தபோதே டன்மோரின் உடம்புக்குள் புற்றுநோய் இருந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. எழுதி முடித்த பிறகே தெரிந்தது. ஒரு தடயமும் இல்லாமல் மறைகிற மனிதர்களைப் பற்றி ஏன் இந்த நேரத்தில் எழுதினேன் என்று புத்தகத்தின் பின்னுரையில் அவரே யோசிக்கிறார். மனம் அறியாததை எழுதுகிற கை முன்கூட்டியே அறிந்திருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். நாவல் 2017 மார்ச்சில் வெளிவந்தது. ஏப்ரலில் 'இன்சைட் த வேவ்' என்ற கடைசிக் கவிதைத் தொகுதி. அதில் ஒரு சின்னக் கவிதை. காம்பை வெட்டிவிட்டார்கள். ஆனால் அன்போடு, விரைவாகத் தூக்கி எடுத்தார்கள். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு ஒரு நீலப் பூச்சாடி. வெட்டிய பூ அங்கே இருந்தபடி ஓர் இதழை விரிக்கிறது, பக்கத்தில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றின் பக்கத்தில் வாரக்கணக்கில் இருந்தவர்களுக்கு அந்த ஆறுகிற தேத்தண்ணியைத் தெரியும். அதைக் குடிக்க யாருக்கும் நேரம் வருவதில்லை.

மே 25ஆம் திகதி இன்னொரு கவிதை எழுதினார். மரணத்தைப் பார்த்து, கைகளை நீட்டி என்னை வாங்கிக்கொள் என்கிற கவிதை. எங்களுக்குப் பழகிய மரணம் எருமையில் கயிற்றோடு வருகிற யமன். இவருக்கு அது ஒரு தாய். விளையாடிக் களைத்த பிள்ளை "தூக்கு" என்று இரண்டு கையையும் உயர்த்துமே, அப்படி ஒரு கேட்பு. அதற்குப் பதினோராம் நாள், ஜூன் 5ஆம் திகதி, 64 வயதில் அவர் இறந்தார். 2018 ஜனவரியில் 'இன்சைட் த வேவ்' பிரித்தானியாவின் கோஸ்டா இலக்கியப் பரிசில் 2017ஆம் ஆண்டின் சிறந்த புத்தகமாகத் தெரிவானது. இறந்த பிறகு அந்தப் பரிசைப் பெற்றவர் அவருக்கு முன் கவிஞர் டெட் ஹியூஸ் மட்டும்தான்.

என்னிடம் மிகவும் ஒட்டிக்கொண்ட கவிதை அதற்கு முந்தியது. 'த மலார்க்கி'. 2009ஆம் ஆண்டுக்கான தேசியக் கவிதைப் போட்டியில் முதல் பரிசு பெற்றது. எழுதியவர் பெயரை மறைத்து நடுவர்களிடம் கொடுக்கிற போட்டி. பேர்பெற்ற நாவலாசிரியர் என்பது அங்கே அவருக்கு உதவியிருக்க முடியாது. காரின் பின் இருக்கையில் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள். சும்மா இருங்கள் என்று அதட்டுகிறாய். சிப்ஸ் கடையில் ஒருதரம் தலையைத் திருப்புகிறாய், அவ்வளவுதான். திரும்பி வந்தால் கார் வெறுமை. நாற்பது வருடம் போய்விட்டது.

மலார்க்கி என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று நான் கனநேரம் யோசிக்கவில்லை. குழப்படி. எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையும் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்டிருக்கும்.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். ஒரு மாலை குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கவிதையை எனக்குத் தெரிந்த மாதிரித் தமிழில் சொன்னேன். பின்சீட்டுப் பிள்ளைகள், அவர்களின் குழப்படி, அதட்டல், கடை, வெறுங்கார். கேட்டு முடியும்வரை அவருடைய கை நிற்கவில்லை. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்தார்.

"அந்த மனுசி ஏன் கடைக்குப் போனவ?"

"பிள்ளையளுக்குச் சிப்ஸ் வாங்க, அம்மா."

"அதுதானே. பிள்ளையளின்ர பசிக்குத்தானே போனவ" என்றார். உரித்து முடிந்த வெங்காயங்களைச் சுளகோடு என் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.